முதல் ஐந்து நிமிடங்கள்: சி.பி.ஆர்., ஏ.இ.டி. குறித்து வாசகர் கேள்விகளும் மருத்துவர் பதில்களும்

திடீரென இதயத்துடிப்பு நின்று விழுபவருக்கு அருகில் இருப்பவர்கள் செய்யவேண்டிய முதலுதவியைப் பற்றிச் சென்ற இதழில் சுருக்கமாக எழுதியிருந்தோம். மார்பை அழுத்தி இரத்த ஓட்டத்தைத் தக்கவைக்கும் சி.பி.ஆர். முறையையும், பொது இடங்களில் வைக்கப்படும் ஏ.இ.டி. என்ற தானியங்கி மின்னதிர்ச்சிக் கருவியையும் அதில் அறிமுகப்படுத்தியிருந்தோம். அதையொட்டி வந்த கடிதங்களிலிருந்து, பலருக்கும் பொதுவான ஐயங்களைத் தேர்ந்தெடுத்து மருத்துவர் பதில் எழுதுகிறார்.

வங்கதேசக் கிரிக்கெட் வீரர் தமீம் இக்பாலுக்கு ‘மாரடைப்பு’ என்று சில செய்திகளும், ‘இதயம் நின்றுவிட்டது’ என்று சில செய்திகளும் கூறின. இரண்டும் ஒன்றுதானே?
– வாசகர், கும்பகோணம்

இரண்டும் வேறு வேறு. இந்த வேறுபாடு தெரிந்திருந்தால்தான் எப்போது என்ன செய்வது என்பது விளங்கும். இதயத் தசைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் குழாய் அடைபட்டு, அத்தசையின் ஒரு பகுதி இரத்தமின்றித் தவிப்பது மாரடைப்பு. அப்போது நோயாளி பெரும்பாலும் நினைவோடு இருப்பார். நெஞ்சு வலிக்கிறது, வியர்க்கிறது, இடது கை கனக்கிறது என்று நம்மிடம் சொல்வார். இதயத்துடிப்பு நின்றுபோவது இதயத்தின் மின்னியக்கம் சீர்குலைவதால் பெரும்பாலும் நேர்கிறது. கீழறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் வெறுமனே நடுங்கும். இரத்தம் மூளைக்குப் போகாது. சில நொடிகளில் அவர் நினைவிழந்து விழுந்துவிடுவார்.

முதலாவது இரண்டாவதில் கொண்டுபோய் விடலாம் என்பதற்குத் தமீம் இக்பாலின் நிலையே சான்று. 2025 மார்ச் 24 அன்று டாக்காவை அடுத்த சாவரில் ஆட்டத்தின்போது அவருக்கு நெஞ்சு வலி ஏற்பட்டது, பின்னர் இதயத்துடிப்பு நின்றது, சி.பி.ஆரும் மின்னதிர்ச்சியும் கொடுத்து அவரை மீட்ட பிறகே இரத்தக் குழாய் அடைப்பு நீக்கப்பட்டது. ஆகவே நெஞ்சு வலி என்று ஒருவர் சொன்னால், வாயுத் தொல்லை என்று சோடா வாங்கிக் கொடுத்துக் காத்திருக்காமல் உடனே 108-ஐ அழையுங்கள். அவரே வண்டி ஓட்டிக்கொண்டு மருத்துவமனைக்குப் போவதை எக்காரணம் கொண்டும் அனுமதிக்காதீர்கள். அவர் நினைவிழந்து, இயல்பாக மூச்சும் விடவில்லையென்றால், அந்த நொடியிலிருந்து உங்கள் கைகளுக்கு வேலை வந்துவிடுகிறது.

கீழே விழுந்தவருக்கு வந்தது மயக்கமா, வலிப்பா, இதயம் நின்றதா என்று மருத்துவம் படிக்காத நாங்கள் எப்படிக் கண்டுபிடிப்பது?
– வாசகி, திண்டுக்கல்

இரண்டே கேள்விகள் போதும். தோள்களைத் தட்டி உரத்த குரலில் அழைத்தால் அசைகிறாரா? இயல்பாக மூச்சு விடுகிறாரா? இதைப் பார்க்கப் பத்து நொடிகளுக்கு மேல் செலவிட வேண்டாம். நாடி பிடித்துப் பார்க்கவும் வேண்டியதில்லை. பதற்றத்தில் தம் நாடியையே நோயாளியின் நாடியாக எண்ணிக்கொள்வது பயிற்சி பெற்றவர்களுக்கும் நேர்வதுண்டு.

நம்மை ஏமாற்றும் அறிகுறிகள் இரண்டு உண்டு. இதயம் நின்ற முதல் சில நிமிடங்களில் சிலர் விட்டு விட்டு, வாயைத் திறந்து, குறட்டை போன்ற ஒலியுடன் காற்றை இழுப்பார்கள். ‘மூச்சு இருக்கிறது’ என்று சுற்றி நிற்பவர்கள் ஆறுதலடைந்து கைகட்டி நிற்பது இந்த நிலையில்தான். அது மூச்சே அல்ல. மூளைத்தண்டின் கடைசி முயற்சி. மற்றொன்று, மூளைக்கு இரத்தம் நின்றவுடன் கைகால்கள் சிறிது நேரம் வெட்டி இழுக்கலாம். உடனே வலிப்பு என்று முடிவுகட்டி, இரும்புச் சாவிக்கொத்தைத் தேடி ஓடுகிறோம். வலிப்புக்கே சாவி உதவாது என்பது ஒருபுறம் இருக்க, இங்கே அந்தத் தேடல் உயிரின் மிக முக்கியமான இரண்டு நிமிடங்களைத் தின்றுவிடுகிறது. முகத்தில் தண்ணீர் தெளிப்பதும், வாயில் தண்ணீர் புகட்டுவதும், எழுப்பி உட்காரவைப்பதும் அப்படித்தான். அசைவில்லை, இயல்பான மூச்சில்லை என்றால் இதயம் நின்றதாகவே கொள்ளுங்கள். கைப்பேசியின் ஒலிபெருக்கியை இயக்கி 108-ஐ அழைத்துவிட்டு மார்பை அழுத்தத் தொடங்குங்கள். வெறும் மயக்கமாக இருந்தால் அவர் முனகுவார் அல்லது உங்கள் கையைத் தள்ளிவிடுவார், நீங்கள் நிறுத்திக்கொள்ளலாம். தேவையற்ற ஒருவருக்குச் சில அழுத்தங்கள் கொடுப்பதால் விளையும் தீங்கு மிகச் சிறியது. தேவைப்பட்டவருக்குக் கொடுக்காமல் விடுவதால் விளைவது மரணம்.

என் கணவருக்கு எழுபது வயது. வீட்டில் நாங்கள் இருவர் மட்டுமே இருக்கிறோம். அவ்வளவு பலமாக அழுத்தினால் விலா எலும்பு முறிந்துவிடாதா? வாயோடு வாய் வைத்து ஊதுவதும் எனக்குத் தெரியாதே?
– வாசகி, கோயம்புத்தூர்

முறியலாம், அம்மா. வயதானவர்களுக்கு முறிவது அரிதும் அல்ல. முறிந்த விலா எலும்பு சில வாரங்களில் கூடிவிடும். இரத்தமின்றி நான்கைந்து நிமிடங்களைக் கடந்த மூளைக்கு அந்த வாய்ப்பு இல்லை. அழுத்தும்போது ‘நறுக்’ என்று ஒலி கேட்டால் கைகளின் இடம் சரியா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டு தொடருங்கள், அச்சத்தில் நிறுத்திவிடாதீர்கள்.

முறையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அவர் மெத்தையில் இருந்தால் தரைக்கு இறக்குங்கள். மெத்தையில் அழுத்தினால் மெத்தைதான் அமுங்கும், மார்பு அமுங்காது. அவர் பக்கத்தில் மண்டியிட்டு, மார்பின் நடு எலும்பின் கீழ்ப்பாதியில் ஓர் உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து, மற்றொரு கையை அதன்மேல் கோத்துக்கொள்ளுங்கள். முழங்கை மடங்காமல், தோள்கள் கைகளுக்கு நேர் மேலே வரும்படி குனிந்து, உடலின் எடையால் அழுத்துங்கள். கைவலிமையை மட்டும் நம்பினால் ஒரு நிமிடத்தில் ஓய்ந்துவிடுவீர்கள். உடல் எடையைப் பயன்படுத்தினால் மெலிந்தவர்களாலும் இயலும். பெரியவர்களுக்கு மார்பு ஐந்து செ.மீ. ஆழமாவது அமுங்க வேண்டும், ஆறு செ.மீ.யைத் தாண்ட வேண்டாம். வேகம் நிமிடத்திற்கு 100 முதல் 120 வரை, அதாவது நொடிக்கு ஏறக்குறைய இரண்டு. ஒவ்வோர் அழுத்தத்திற்குப் பிறகும் மார்பு முழுமையாக மேலெழும்ப விடுங்கள். இதயத்திற்குள் இரத்தம் வந்து நிரம்புவது அந்த இடைவெளியில்தான். உரக்க எண்ணிக்கொண்டே செய்தால் வேகம் தவறாது.

வாயோடு வாய் வைத்து ஊதத் தெரியாததைக் குறையாக எண்ண வேண்டாம். இந்திய மயக்கவியல் மருத்துவர்களின் முயற்சியால் உருவான இந்தியப் புத்துயிர்ப்பு மன்றம், பொதுமக்களுக்கென்றே மார்பு அழுத்தத்தை மட்டும் கொண்ட முறையை 2017-இல் வெளியிட்டது. நம் நாட்டுச் சூழலில் முன்பின் அறியாதவரின் வாயில் வாய் வைக்கத் தயங்கி ஒன்றுமே செய்யாமல் நிற்பதைவிட, கைகளால் மட்டும் இடைவிடாது அழுத்துவது எவ்வளவோ மேல் என்பதே அதன் அடிப்படை. திடீரென விழுந்தவரின் இரத்தத்தில் முதல் சில நிமிடங்களுக்குத் தேவையான உயிர்வளி எஞ்சியிருக்கிறது. அதை மூளைக்குக் கொண்டுசேர்ப்பவர்தான் தேவை. 1960-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையைச் சேர்ந்த கூவன்ஹோவன், ஜூட், நிக்கர்பாக்கர் ஆகிய மூவரும், மார்பைப் பிளக்காமலே வெளியிலிருந்து அழுத்தி இதயத்தை இயக்க முடியும் என்று எழுதியபோது, இதற்குத் தேவை இரண்டு கைகள் மட்டுமே என்பதைத்தான் வலியுறுத்தினார்கள்.

உங்கள் கடிதத்தில் நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல விரும்புகிறேன். நீங்கள் இருவர் மட்டும் இருக்கும் வீட்டில் நீங்கள் களைத்துப்போனால் மாற்ற ஆளில்லை. எனவே அழைப்புச் சென்றவுடன் வாசல் கதவைத் திறந்துவிட்டு, அண்டை வீட்டாரைக் கூவி அழையுங்கள். இரண்டு நிமிடங்களுக்கு ஒருமுறை ஆள் மாறினால்தான் அழுத்தத்தின் ஆழம் குறையாமல் இருக்கும். அடுத்த வீட்டுப் பிள்ளைகளுக்கும் இதைக் கற்றுக்கொடுக்கச் சொல்லுங்கள்.

பொது இடத்தில் ஒரு பெண் விழுந்துவிட்டால் ஆண்கள் மார்பில் கைவைக்கத் தயங்குகிறார்கள். கருவிக்கோ ஆடையை விலக்க வேண்டும் என்கிறீர்கள். தாலிச் சங்கிலியைக் கழற்ற வேண்டுமா?
– வாசகி, மதுரை

இந்தத் தயக்கம் நம் ஊருக்கு மட்டும் உரியதன்று. வட அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வில், பொது இடங்களில் இதயம் நின்று விழுந்த ஆண்களில் 45 விழுக்காட்டினருக்கும் பெண்களில் 39 விழுக்காட்டினருக்கும் மட்டுமே அருகிலிருந்தவர்கள் சி.பி.ஆர். செய்திருந்தனர். அங்கேயே அப்படியென்றால் இங்கே எப்படியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கவே வருத்தமாக இருக்கிறது. நாம் தயங்கும் ஒவ்வொரு நிமிடத்திற்கும், உதவி கிடைக்காத ஒருவர் பிழைக்கும் வாய்ப்பு ஏழு முதல் பத்து விழுக்காடு வரை குறைந்துகொண்டே போகிறது.

மார்பை அழுத்துவதற்கு ஆடையை விலக்க வேண்டியதே இல்லை. புடவையின் மேலாகவே அழுத்தலாம். ஏ.இ.டி. கருவி வந்த பிறகுதான் அதன் ஒட்டும் பட்டைகள் தோலில் நேரடியாகப் படிய வேண்டும்: ஒன்று வலது காறை எலும்புக்குக் கீழே, மற்றொன்று இடது அக்குளுக்குச் சற்றுக் கீழே, விலாப்புறத்தில். இரவிக்கையை வெட்ட வேண்டியிருக்கும். அதற்காகவே பல கருவிகளுடன் கத்தரிக்கோல் வைத்திருப்பார்கள். பட்டைகளை ஒட்டிய பின் மேலே துணியைப் போர்த்திவிடலாம். சுற்றி நிற்கும் பெண்கள் புடவைத் தலைப்பையோ துப்பட்டாவையோ விரித்து மறைத்து நின்றால் அதுவும் அவரைக் காப்பாற்றும் பணியின் ஒரு பங்குதான். தாலியைக் கழற்ற வேண்டாம். உலோகத்தின் மேல் பட்டை படியாமல் இருக்கச் சங்கிலியை ஒதுக்கினால் போதும். கருவுற்ற பெண்ணுக்கும் இவை அனைத்தையும் செய்யலாம், செய்யவே வேண்டும். தாய் பிழைத்தால்தான் குழந்தைக்கும் வழி உண்டு.

உதவி செய்து, அவர் இறந்துவிட்டால் காவல் நிலையம், வழக்கு என்று அலைய வேண்டிவருமோ?
– வாசகர், ஓசூர்

நல்லெண்ணத்துடன், ஒருவரின் நன்மைக்காக, அவர் இசைவு தெரிவிக்க இயலாத நிலையில் செய்யும் செயலைக் குற்றமாகக் கருதக்கூடாது என்பது இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 92-ஆம் பிரிவில் இருந்தது. இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 30-ஆம் பிரிவாகத் தொடர்கிறது. சாலை விபத்தில் சிக்கியவருக்கு உதவுபவர்களுக்கு 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு தனிப் பாதுகாப்புத் தருகிறது. அதே வெளிப்படையான பாதுகாப்பை, வீட்டிலும் அலுவலகத்திலும் இரயில் நிலையத்திலும் இதயம் நின்று விழுபவருக்கு உதவுபவருக்கும் பெயர் சொல்லி விரிவுபடுத்த வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அச்சம் காரணமற்றது என்று சொல்வது எளிது. சட்டத்தில் எழுதிவைப்பதே அச்சத்தை நீக்கும்.

சிங்கப்பூரில் மகன் குடியிருக்கும் அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில், லிஃப்ட் அருகே ஒரு பெட்டியில் ஏ.இ.டி. கருவியைப் பார்த்தேன். பயிற்சி இல்லாதவர் அதை எடுத்து யாருக்காவது ‘ஷாக்’ கொடுத்துவிட்டால் ஆபத்தில்லையா?
– வாசகர், காரைக்குடி

நல்லவேளையாக, அந்த முடிவை மனிதரிடம் விடாமல் கருவியே எடுக்கிறது. பட்டைகளை ஒட்டியவுடன் அது இதயத்தின் மின்னலைகளைப் படிக்கிறது. கீழறைகள் நடுங்கும் நிலையோ, இரத்தத்தை வெளித்தள்ளாத அளவுக்கு அதிவேகமாகத் துடிக்கும் நிலையோ இருந்தால் மட்டுமே மின்சாரத்தைச் செலுத்த ஆயத்தமாகிறது. இல்லையென்றால் பொத்தானை எத்தனை முறை அழுத்தினாலும் ஒன்றும் நடக்காது. திரைப்படங்களில் திரையில் நேர்கோடு ஓடும்போது மின்னதிர்ச்சி கொடுப்பதைக் காட்டுகிறார்கள்; அது தவறு. மின்னலைகளே முற்றிலும் அடங்கிவிட்ட இதயத்தை இக்கருவியால் இயக்க முடியாது. குழப்பத்தில் நடுங்கும் இதயத்தின் எல்லாத் தசைகளையும் ஒரே கணத்தில் அமைதிப்படுத்தி, இதயத்தின் இயற்கையான துடிப்புமுனை மீண்டும் பொறுப்பேற்க இடமளிப்பதுதான் அதன் பணி. அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதைக் கருவி குரலிலேயே சொல்லும். ‘யாரும் தொடாதீர்கள்’ என்று அது சொல்லும்போது விலகி நிற்பதும், உடல் நனைந்திருந்தால் மார்பைத் துடைத்துவிட்டுப் பட்டையை ஒட்டுவதும், அதிர்ச்சி கொடுத்த உடனேயே மறுபடி அழுத்தத் தொடங்குவதும் நாம் நினைவில் கொள்ள வேண்டியவை.

பயிற்சி இல்லாதவர்களால் இதைக் கையாள முடியும் என்பதைச் சிகாகோ விமான நிலையங்கள் மெய்ப்பித்தன. அங்கே ஓரிரு நிமிட விரைவு நடைக்குள் எட்டும்படி கருவிகளை வைத்தார்கள். இரண்டு ஆண்டுகளில் இதயம் நின்று விழுந்தவர்களுள் 18 பேருக்குக் கீழறை நடுக்கம் இருந்தது. அவர்களில் 11 பேர் மீட்கப்பட்டனர். அந்த 11 பேரில் ஆறு பேரை மீட்டவர்களுக்கு இக்கருவியில் முன்பயிற்சியோ அனுபவமோ இருக்கவில்லை, அவர்களுள் மூவர் மருத்துவப் பட்டம் பெற்றிருந்தவர்கள் என்றாலும். லாஸ் வேகாஸ் சூதாட்ட விடுதிகளின் காவலர்களுக்குப் பயிற்சியளித்து நடந்த ஆய்வில், விழுந்த மூன்று நிமிடங்களுக்குள் முதல் அதிர்ச்சி பெற்றவர்களில் 74 விழுக்காட்டினர் பிழைத்தனர். அதற்குப் பின் பெற்றவர்களில் 49 விழுக்காட்டினர். மிக உயர்ந்த விழுக்காடுகள் இவை. அருகில் இருந்ததும், விரைந்து எடுத்ததும்தான் காரணம்.

1960-களின் நடுவில் பெல்ஃபாஸ்ட் நகர மருத்துவர் ஃபிராங்க் பான்ட்ரிட்ஜ் முதன்முதலில் ஆம்புலன்சில் ஏற்றிய கருவி, கார் மின்கலங்களால் இயங்கியது. எடை ஏறத்தாழ 70 கிலோ. இன்று அதை ஒரு சிறுவன் கையில் தூக்கி வந்துவிடலாம். சிங்கப்பூர் அரசு குடியிருப்புக் கட்டடங்களில் இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் வைக்கத் தொடங்கியதற்கும், அருகில் யாருக்கேனும் இதயம் நின்றால் பதிவுசெய்த தன்னார்வலர்களின் கைப்பேசிக்குக் குடிமைத் தற்காப்புப் படையின் செயலி தகவல் அனுப்புவதற்கும் அடிப்படை ஒன்றுதான்: பெரும்பாலோருக்கு இதயம் நிற்பது வீட்டில். உங்கள் மகனை அச்செயலியில் பதிவுசெய்துகொள்ளச் சொல்லுங்கள்.

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்கம் ஒரு ஏ.இ.டி. வாங்க முடிவு செய்திருக்கிறது. எதைக் கவனிக்க வேண்டும்?
– சங்கச் செயலாளர், சென்னை

முதலில் வாழ்த்துகள். மாதிரியைப் பொறுத்து விலை ஏறக்குறைய ஒரு லட்சம் ரூபாய் அளவிலோ அதற்கு மேலோ வரும். ஆனால் வாங்குவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமையைச் சி.பி.ஆர். பயிற்சிக்கு ஒதுக்குங்கள் என்பதே என் முதல் வேண்டுகோள். கருவி வந்து சேரும்வரை இரத்தத்தை ஓடவைக்க ஆள் இல்லையென்றால், நடுங்கும் இதயமும் அடங்கிவிடும். பிறகு கருவி ‘அதிர்ச்சி தேவையில்லை’ என்றே சொல்லும். அந்தப் பயிற்சிக்குக் குடியிருப்போரை மட்டும் அழைக்காமல் காவலாளிகள், வீட்டு வேலை செய்பவர்கள், தோட்டக்காரர்கள் அனைவரையும் அழையுங்கள். பகல் பதினொரு மணிக்கு உங்கள் வளாகத்தில் விழித்துக்கொண்டும் நடமாடிக்கொண்டும் இருப்பவர்கள் அவர்கள்தாம்.

அடுத்து, பூட்டி வைக்காதீர்கள். கருவி திருட்டுப்போகும் என்று அஞ்சி அதைச் சங்க அலுவலகப் பீரோவில் வைத்துச் சாவியைச் செயலாளர் வீட்டில் வைத்திருக்கும் வளாகங்களைப் பார்த்திருக்கிறேன். செயலாளர் ஊருக்குப் போன நாளில் அந்தக் கருவி இருந்தும் இல்லாததுதான். காவலாளி இருக்கைக்கு எதிரே, கதவைத் திறந்தால் மணியொலிக்கும் பெட்டியில் வையுங்கள். போய் எடுத்துவர மூன்று நிமிடங்களுக்கு மேல் ஆகும் தொலைவில் கட்டடங்கள் இருந்தால், பதினைந்தாவது மாடிக்கு லிஃப்ட் ஏறும் நேரத்தையும் கணக்கில் சேர்த்து, இரண்டாவது கருவியைப் பற்றி யோசியுங்கள். தயார்நிலையைக் காட்டும் விளக்கை மாதந்தோறும் ஒருவர் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். ஒட்டும் பட்டைகளும் மின்கலமும் சில ஆண்டுகளில் காலாவதியாகும் என்பதால் அதற்கான தொகையை ஆண்டுச் செலவில் இப்போதே சேர்த்துவிடுங்கள். அறிவிப்பைத் தமிழிலும் எழுதுங்கள்.

ஆற்றில் மூழ்கிய பிள்ளைகளைக் கரைசேர்த்ததும் தலைகீழாகத் தூக்கி, வயிற்றை அமுக்கித் தண்ணீரை வெளியேற்றுகிறார்கள். சரியா?
– வாசகர், முசிறி

சரியன்று. வெளியே வருவது பெரும்பாலும் வயிற்றுத் தண்ணீர். அது மூச்சுக்குழாய்க்குள் போய்ப் புதிய தீங்கையும் விளைவிக்கலாம். மேலே கோவை வாசகிக்குச் சொன்னதற்கு இங்கே ஒரு விலக்கு உண்டு. மூழ்கியவரின் இதயம் நின்றதற்குக் காரணமே மூச்சு நின்றதுதான் என்பதால், அழுத்தம் மட்டும் போதாது. மூக்கைப் பிடித்துக்கொண்டு, தலையைப் பின்னால் சாய்த்து, வாயோடு வாய் வைத்து மார்பு உயரும்படி ஊதுவதில் தொடங்க வேண்டும். பிறகு முப்பது அழுத்தங்களுக்கு இரண்டு முறை ஊதல் என்று தொடர வேண்டும். காவிரிக் கரையிலும் ஏரி, கிணறுகள் உள்ள ஊர்களிலும் இருப்பவர்கள் செயற்கைச் சுவாசத்தையும் சேர்த்தே பயில வேண்டும்.

என் தந்தை விழுந்தபோது ஆம்புலன்ஸ் வரும்வரை நான் சி.பி.ஆர். செய்தேன். அவர் பிழைக்கவில்லை. சரியாகச் செய்யவில்லையோ என்ற எண்ணம் என்னை விடவில்லை.
– வாசகர், திருநெல்வேலி

தம்பி, மருத்துவமனைக்கு வெளியே இதயம் நின்றவர்களில் பெரும்பாலோர், மிகச் சிறந்த உதவி கிடைக்கும் நாடுகளிலும், பிழைப்பதில்லை. இதயத் தசையின் பெரும்பகுதி பாதிக்கப்பட்டிருந்தால், அல்லது நுரையீரலின் பெரிய இரத்தக் குழாய் அடைபட்டிருந்தால், எவர் அழுத்தியிருந்தாலும் முடிவு மாறியிருக்காது. நீங்கள் இறப்புக்குக் காரணமாகவில்லை; நீங்கள் கை வைத்தபோதே அவருடைய இதயம் நின்றிருந்தது. அந்தச் சில நிமிடங்கள் அவருக்கு இருந்த ஒரே வாய்ப்பு நீங்கள்தான். அதை அவருக்கு மறுக்காமல் கொடுத்தீர்கள். இவ்வாறு உதவியவர்களுக்குப் பின்னர் உறக்கமின்மையும் அதே காட்சி திரும்பத் திரும்ப வருவதும் இயல்பு. சில வாரங்களாகியும் நீங்கவில்லையென்றால் மனநல மருத்துவர் ஒருவரிடம் பேசுங்கள். தமிழக அரசின் 104 மருத்துவ ஆலோசனை எண்ணிலும் மனநல ஆலோசனை கிடைக்கும்.

நான் அரசுப் பள்ளி ஆசிரியர். மாணவர்களுக்கு எந்த வயதில் கற்றுக்கொடுக்கலாம்?
– வாசகி, விழுப்புரம்

பன்னிரண்டு வயதிலிருந்து ஆண்டுக்கு இரண்டு மணி நேரம் என்ற பரிந்துரையை உலக சுகாதார நிறுவனம் 2015-இல் ஏற்றுக்கொண்டது. டென்மார்க் 2005-இல் பள்ளிகளிலும், அதற்கடுத்து ஓட்டுநர் உரிமம் பெறுவோருக்கும் பயிற்சியைக் கட்டாயமாக்கியது. அங்கே அருகிலிருந்தவர்கள் சி.பி.ஆர். செய்த விழுக்காடு 2001-இல் 21 ஆக இருந்தது, 2010-இல் 45 ஆயிற்று. முப்பது நாள்களுக்குப் பின் உயிரோடிருந்தவர்கள் 3.5 விழுக்காட்டிலிருந்து 10.8 ஆயினர். மருத்துவமனைச் சிகிச்சையும் அக்காலத்தில் மேம்பட்டது என்பதால் முழுப் பெருமையையும் பள்ளிக்கே கொடுக்க இயலாது. ஆயினும் அதன் பங்கு சிறிதன்று.

பயிற்சிப் பொம்மை இல்லையே என்று காத்திருக்க வேண்டாம். கெட்டியான தலையணை ஒன்றும், நிமிடத்தைக் காட்டும் கடிகாரமும் இருந்தால் கைகளை வைக்கும் முறையையும் வேகத்தையும் பழக்கிவிடலாம். ஆழத்தை மட்டும், ஆண்டுக்கு ஒருமுறை, அருகிலுள்ள மருத்துவக் கல்லூரியிடமோ முதலுதவி அமைப்பிடமோ பொம்மையுடன் வந்து கற்பிக்கக் கேளுங்கள். பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு அழுத்தும் வலு போதாமல் இருக்கலாம். அவர்களுக்கு, விழுந்தவரைத் தட்டி அழைத்துப் பார்க்கவும், 108-ஐ அழைத்து ஊர், தெரு, அருகிலுள்ள கோயிலோ கடையோ என்று வழி சொல்லவும், பெரியவர்களைக் கூவி அழைக்கவும் சொல்லிக்கொடுங்கள்.